முதலில் தேவை, பிறகு இயந்திரம், கடைசியில்தான் சூரியத் தகடு

கேள்வி இதுதான்: "நடுத்தர அளவில் ஒரு தொழிற்கூடம் நடத்துகிறேன். எங்களிடம் பொருள் வாங்கும் நிறுவனங்கள் கரிம உமிழ்வுக் கணக்கு கேட்கத் தொடங்கிவிட்டன. முதலீட்டுக்குப் பெரிய தொகை கையில் இல்லை. கூரையில் சூரிய மின்தகடு போட்டால் போதுமா, வேறு எங்காவது தொடங்க வேண்டுமா? சுற்றுச்சூழலுக்கும் நல்லது, செலவும் குறையும் என்கிறார்களே, அது உண்மையில் நடக்குமா?"

நடக்கும். ஆனால் எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பணம் மிஞ்சுமா, கரையுமா என்பது முடிவாகும். கூரைத் தகடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அடைத்துவிட்ட காற்றுக் கசிவு யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் கடைசியில் செய்ய வேண்டியதைப் பலர் முதலில் செய்துவிடுகிறார்கள். நான் வலியுறுத்தும் வரிசை வேறு. இந்த வேலை தேவையா என்று முதலில் கேளுங்கள். தேவை என்றால், எவ்வளவு குறைவாகச் செய்தால் போதும் என்று பாருங்கள். அதற்குப் பிறகு நல்ல இயந்திரம். அதன் பிறகும் வீணாகும் வெப்பத்தையும் நீரையும் பிடித்து மறுபடி பயன்படுத்துங்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இவை எல்லாம் முடிந்த பிறகு வரட்டும்.

கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய ஏமாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நீங்கள் 100 கிலோ உலோகத் தகடு வாங்கி, அதில் 80 கிலோ பொருளாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 20 கிலோவைக் கழிவாக விற்கிறீர்கள். அந்தப் பணம் வரவில் சேர்கிறது. ஆகவே கழிவு ஒரு வருமானம் போலத் தோன்றுகிறது. உண்மையில் அந்த 20 கிலோவுக்கும் முழு விலை கொடுத்திருக்கிறீர்கள். அதை ஏற்றி இறக்கக் கூலி கொடுத்தீர்கள், இருப்பில் வைத்தீர்கள், வெட்ட மின்சாரமும் இயந்திர நேரமும் செலவழித்தீர்கள். இந்தச் செலவுகளை எல்லாம் நல்ல பொருளின் தலையில் ஏற்றிவிடுவதால் கழிவின் விலை எங்கும் தனியாகத் தெரிவதில்லை. அதைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு கணக்கு முறை இருக்கிறது. 2011இல் ஐஎஸ்ஓ 14051 என்ற பெயரில் சர்வதேசத் தரமாகவும் வந்தது. சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. உங்களிடம் அதிகம் விற்கும் ஒரே ஒரு பொருளுக்கு ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கழிவுக்கு உண்மையில் கொடுக்கும் விலை, அதை விற்றுக் கிடைக்கும் தொகையைவிட மிக அதிகமாக வரும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975இலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. புகைபோக்கி முனையிலும் கழிவுநீர்க் குழாயின் முனையிலும் வடிகட்டி மாட்டுவதற்குப் பதிலாக, மாசு பிறக்கும் இடத்திலேயே செய்முறையை மாற்றுவது அதன் அடிப்படை. ஜோசப் லிங் என்ற பொறியாளர் அதை முன்னின்று நடத்தினார். வடிகட்டி என்பது ஆண்டுதோறும் செலவு. செய்முறை மாற்றம் ஆண்டுதோறும் சேமிப்பு. இரண்டாலும் மாசு குறையலாம், ஆனால் ஒன்றுதான் தொழிலுக்குச் சுமையாகாமல் நிற்கும்.

இன்னும் அழுத்தமான சான்று டௌ கெமிக்கல் நிறுவனத்தின் லூயிசியானா பிரிவில் கிடைத்தது. அங்கே கென் நெல்சன் என்ற பொறியாளர் 1981இல் ஊழியர்களிடையே ஒரு போட்டி வைத்தார்: ஆற்றலையோ கழிவையோ குறைக்கும், ஒரே ஆண்டில் போட்ட பணத்தை ஈட்டித் தரும் யோசனைகளைக் கொண்டுவாருங்கள். முதல் ஆண்டில் தேர்வான 27 திட்டங்களின் சராசரி ஆண்டு வருவாய் 173 சதவீதம். இதோடு எளிய யோசனைகள் தீர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். தீரவில்லை. 12 ஆண்டுகளில் ஏறக்குறைய 900 திட்டங்கள் நிறைவேறின. தணிக்கை செய்யப்பட்டவற்றின் சராசரி வருவாய் 200 சதவீதத்தைத் தாண்டியது. போட்டி தொடரத் தொடர ஆட்களின் பார்வை கூர்மையானது. இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்பவருக்குத் தெரிந்தது, வெளியிலிருந்து வரும் என்னைப் போன்ற தணிக்கையாளருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடாது. அதனால் ஆலோசகரைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் ஆட்களிடம் கேளுங்கள். கேட்டதைச் செய்தும் காட்டுங்கள். சொன்ன யோசனை மேசையில் தூங்கினால் இரண்டாவது யோசனை வராது.

சரி, முதல் வாரம் என்ன செய்வது? உற்பத்தி நின்ற பிறகு இரவிலும், விடுமுறை நாளிலும் மின்மீட்டரைப் படியுங்கள். யாரும் வேலை செய்யாத நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைவிட அதிகம் பேசும் எண் வேறு இல்லை. அதில் குளிர்பதன அறை, கணினிச் சேவையகம், பாதுகாப்பு விளக்கு போன்ற நியாயமான சுமைகளைக் கழித்துவிடுங்கள். மீதியாக நிற்பது ஒருவருக்கும் பயன்படாமல் ஓடுவது: நிறுத்த மறந்த காற்றாடி, வெறுமனே சுற்றும் கன்வேயர், காத்திருப்பு நிலையில் சூடாகவே வைக்கப்பட்ட அடுப்பு, ஆளில்லாத அலுவலகத்தின் ஏசி. இதைச் சரிசெய்ய ஒரு டைமரோ, பொறுப்பை ஏற்கும் ஒருவரோ போதும்.

அடுத்து நேராகக் கம்ப்ரஸர் அறைக்குப் போங்கள். தொழிற்கூடத்தில் கிடைக்கும் ஆற்றலிலேயே விலை கூடியது அழுத்தக் காற்றுதான். கம்ப்ரஸருக்குள் போகும் மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மறுமுனையில் பயனுள்ள வேலையாக வெளிவருகிறது; மீதி பெரும்பாலும் வெப்பம். இருந்தும் காற்று இலவசம் என்ற நினைப்பில் அதைக் கொண்டு மேசையைத் துடைக்கிறார்கள், சட்டையில் படிந்த தூசியை ஊதுகிறார்கள் (இது ஆபத்தானதும்கூட), வியர்வைக்கு விசிறியாகப் பிடிக்கிறார்கள். பராமரிப்பு சரியில்லாத இடங்களில் கம்ப்ரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போய்விடுகிறது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 முதல் 4 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கும். ஆண்டு முழுவதும் குழாயில் அழுத்தம் இருந்தால் அந்த ஒரே ஓட்டைக்கு 25,000 யூனிட்டுக்கு மேல் போகிறது.

கசிவை அளக்கக் கருவிகூட வேண்டாம். உற்பத்தி நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். அது சுமையேற்றி ஓடும் நேரத்தையும், அழுத்தம் நிறைந்து சுமை நீங்கியிருக்கும் நேரத்தையும் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். 2 நிமிடம் சுமையோடும் 6 நிமிடம் சுமையின்றியும் ஓடினால், கம்ப்ரஸரின் திறனில் கால்பங்கு கசிவுக்குத்தான் போகிறது. பிறகு இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். இரைச்சல் மிகுந்த கூடமென்றால் மீயொலிக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். கூடவே அழுத்தத்தையும் பாருங்கள். கடைசி இயந்திரத்துக்கு 6 பார் போதும் என்றால் 7 பாரில் ஓட்டாதீர்கள். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸர் மின்செலவு 6, 7 சதவீதம் குறையும், கசியும் காற்றும் தானாகக் குறையும். இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் வெப்பத்தையும் விடாதீர்கள். கம்ப்ரஸர் வெளியேற்றும் சூட்டில் பெரும்பகுதியை வெந்நீராகவோ, உலர்த்தும் அறைக்கான சூடான காற்றாகவோ பிடிக்க முடியும்.

பம்புகளிலும் காற்றாடிகளிலும் இன்னொரு புதையல் இருக்கிறது. நீரோட்டம் அதிகமாக இருக்கிறது என்று வால்வைப் பாதி மூடிவைப்பது எங்கும் காணும் வழக்கம். முழு வேகத்தில் வண்டியை விரட்டிக்கொண்டே பிரேக்கை மிதிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மையவிலக்குப் பம்பிலும் காற்றாடியிலும் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும். விஎஃப்டி என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இதனால்தான் விரைவில் தன் விலையை ஈட்டிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு உராய்வை எதிர்த்துத் தள்ளும் சுற்றோட்டங்களுக்குப் பொருந்தும். நீரை உயரத்துக்கு ஏற்றுவதே முக்கிய வேலை என்றால் சேமிப்பு இவ்வளவு வராது. எப்போதும் ஒரே அளவு ஓட்டம் வேண்டிய இடத்தில் விஎஃப்டி வீண்; அங்கே சரியான அளவு பம்போ, கடைந்து சிறிதாக்கிய இம்பெல்லரோ (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) போதும். விற்க வருபவர் இந்த வேறுபாட்டைச் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

இதையும்விட ஒரு படி பின்னால் போய்க் குழாயையே பாருங்கள். 1990களின் பிற்பகுதியில் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனம் ஷாங்காயில் ஆலை கட்டியபோது, ஒரு சுற்றோட்டத்துக்கு மொத்தம் 95 குதிரைத்திறன் பம்புகள் வேண்டும் என்று முதல் வரைபடம் சொன்னது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் யான் ஷில்ஹாம் இரண்டே மாற்றங்கள் செய்தார். ஒல்லியான குழாய்க்குப் பதில் பருமனான குழாய். இயந்திரங்களை முதலில் நிறுத்திவிட்டு வளைத்து வளைத்துக் குழாய் போடுவதற்குப் பதில், குழாயை முதலில் குட்டையாகவும் நேராகவும் வரைந்துவிட்டு அதற்கேற்ப இயந்திரங்களை நிறுத்தினார். தேவை 7 குதிரைத்திறனாக இறங்கியது. குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் அதே ஓட்டத்துக்கான உராய்வு சுமார் முப்பதில் ஒரு பங்காகிவிடும் என்பது நீரியலின் பழைய பாடம். பருமனான குழாய்க்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தைச் சிறிய பம்பும் சிறிய மோட்டாருமே ஈடுசெய்துவிட்டன. நீங்கள் புதிய பிரிவு ஒன்றைக் கட்டப்போகிறீர்கள் என்றால், இந்த ஒரு பத்தியை உங்கள் வடிவமைப்பாளரிடம் காட்டுங்கள்.

மோட்டாரைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 15 கிலோவாட் மோட்டார், ஆண்டுக்கு 6,000 மணி நேரம், முழுச் சுமை. மோட்டார்களைச் செயல்திறன்படி பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டில் கீழ்ப்படியான ஐஇ1 வகையின் செயல்திறன் 88.7 சதவீதம், அதைவிட உயர்ந்த ஐஇ3 வகைக்கு 92.1 சதவீதம். வேறுபாடு சிறிதாகத் தெரிகிறது. ஆண்டுக்கு அது 3,700 யூனிட்டுக்கு மேல். மோட்டாரின் ஆயுட்காலச் செலவில் வாங்கும் விலை சில சதவீதம்தான், மீதியெல்லாம் மின்சாரம். நன்றாக ஓடும் பழைய மோட்டாரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எரிந்துபோகும் நாளில், மறுபடியும் மறுபடியும் வைண்டிங் கட்டாமல் உயர்திறன் மோட்டாரை வாங்குவதென்று இப்போதே முடிவுசெய்து, எந்த மோட்டாருக்கு எது என்று பட்டியல் எழுதிவையுங்கள். உற்பத்தி நின்று கைபிசைந்து நிற்கும் நேரத்தில் யாரும் செயல்திறனைப் பார்த்து வாங்குவதில்லை.

பாய்லர் வைத்திருந்தால் அங்கும் இதே நியாயம்தான். பயன்படுத்திய நீராவி குளிர்ந்து சேரும் சூடான நீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே திருப்புங்கள். உள்ளே போகும் நீரின் வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சமாகும். புகைபோக்கியில் போகும் வாயுவின் சூட்டை 20 டிகிரி அளவுக்குக் குறைக்க முடிந்தால் இன்னொரு 1 சதவீதம். குளிர்ந்த நீரை மட்டும் வெளியேற்றி நீராவியைத் தடுத்து நிறுத்தும் ஸ்டீம் ட்ராப் என்ற வால்வு பழுதாகித் திறந்தே நின்றால் நீராவி சத்தமின்றிக் குழாய் வழியே போய்விடும். அவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதியுங்கள். குழாய்களுக்கு வெப்பக்காப்பு போட்டுவிட்டு வால்வுகளையும் இணைப்புத் தட்டுகளையும் வெறுமனே விட்டிருப்பார்கள். கழற்றி மாட்டும் உறைகள் அவற்றுக்குக் கிடைக்கின்றன.

நீரில், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. முலாம் பூசும் இடத்திலோ சாயத் தொழிலிலோ பொருளைக் கழுவும்போது, பொருளோடு ஒட்டிவரும் திரவத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச்செய்ய வேண்டும் என்று கொள்ளுங்கள். ஒரே தொட்டியில் கழுவினால், ஒட்டிவரும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 1,000 லிட்டர் நீர் வேண்டும். இரண்டு தொட்டிகள் வைத்து, பொருள் ஒரு திசையிலும் நீர் எதிர்த்திசையிலும் போகுமாறு செய்தால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டிகள் என்றால் 10 லிட்டர். சுத்தம் அதே அளவுதான். நீர்க் கட்டணம் மட்டுமல்ல, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் அளவும் இரசாயனச் செலவும் இதனால் சுருங்கும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, பொருளைத் தொட்டிக்கு மேலே இன்னும் சில விநாடிகள் தூக்கிப் பிடித்து வடியவிடுவது. அதற்குச் செலவே இல்லை.

அலுவலகமாகவோ கடையாகவோ இருந்தால் விளக்கும் குளிர்சாதனமும்தான் பெரும்பங்கு. எல்இடி விளக்கு பற்றி இனி விளக்க வேண்டியதில்லை. இன்னும் மாற்றவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். குளிர்சாதனத்தில் மட்டும் வரிசையை மறுபடி நினைவூட்டுகிறேன். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 2009இல் புதுப்பிக்கத் தொடங்கியபோது, பெரிய குளிரூட்டும் இயந்திரங்களை வாங்குவதுதான் முதல் எண்ணமாக இருந்தது. அதற்கு மாறாக முதலில் வெப்பம் உள்ளே வரும் வழிகளைக் குறைத்தார்கள். 6,514 ஜன்னல்களையும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்துக் கழற்றி, இடையில் படலம் வைத்து மறுபடி பொருத்தினார்கள். விளக்குகளை மாற்றினார்கள். குளிரூட்டும் தேவை இறங்கியதால் பழைய இயந்திரங்களைச் சீரமைத்தே சமாளிக்க முடிந்தது. மொத்த ஆற்றல் தேவையை 38 சதவீதம் குறைப்பது, ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிச்சம் பிடிப்பது என்பது திட்டம். வாங்கத் தேவையில்லாமல் போன இயந்திரத்தின் விலையும் சேமிப்பில் சேரும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

குளிர்பதன அறை வைத்திருப்பவர்கள் வாயுக் கசிவைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆர்-404ஏ என்ற குளிர்பதன வாயு ஒரு கிலோ கசிந்தால், புவி வெப்பமாதலில் அதன் தாக்கம் சுமார் 3.9 டன் கரியமில வாயுவுக்குச் சமம். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் உடன்பட்டிருப்பதால், பழைய வாயுக்களைத் தேடி வாங்குவது போகப்போகக் கடினமாகும். ஒவ்வோர் ஆண்டும் வாயு நிரப்புகிறோம் என்றால் அது பராமரிப்பு அல்ல, கசிவு. உணவு சார்ந்த தொழில் என்றால், வீணாகும் உணவைத் தினமும் எடைபோட்டு எழுதுவதே பெரிய மருந்து. 17 நாடுகளில் சுமார் 1,200 தொழிலிடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, உணவு வீணாவதைக் குறைக்கச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் பாதி இடங்களில் 14 டாலரோ அதற்கு மேலோ திரும்பக் கிடைத்தது.

இனி சூரியத் தகடு. நல்லதுதான், போடுங்கள். ஆனால் மேலே சொன்னவற்றைச் செய்து உங்கள் மின்தேவை மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால், அதே விகிதத்தை ஈடுகட்ட வேண்டிய தகடுகளும் மூன்றில் ஒரு பங்கு குறையும். கசிவோடு சேர்த்து அளவெடுத்தால், கசியும் காற்றுக்கும் சேர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் தகடுகளை வாங்குகிறீர்கள்.

முதலீட்டுக்குப் பெரிய தொகை கையில் இல்லை என்று சொல்லியிருந்தீர்கள். இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும்?" என்று மட்டும் கேட்டு, இரண்டு ஆண்டைத் தாண்டினால் திட்டத்தைத் தள்ளிவிடுகிறார்கள். பத்து ஆண்டு உழைக்கும் ஒரு கருவி இரண்டு ஆண்டில் தன் விலையைத் திருப்பித் தந்தால், அது ஆண்டுக்கு ஏறக்குறைய 49 சதவீத வருவாய்க்குச் சமம். மூன்று ஆண்டில் திருப்பித் தந்தால்கூட 31 சதவீதம். இதைவிடக் குறைந்த வட்டிக்கு உங்களுக்குக் கடன் கிடைக்குமென்றால் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம். கடன் வாங்க மனமில்லை என்றால், செலவில்லாத வேலைகளை முதலில் செய்து, அந்தச் சேமிப்பைத் தனிக்கணக்கில் போட்டு, அடுத்த வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். தனிக்கணக்கு என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பொதுக்கணக்கில் கலந்துவிட்டால் சேமிப்பு எங்கே போனது என்றே தெரியாது, அடுத்த ஆண்டு மறுபடி "பணமில்லை" என்ற இடத்தில் நிற்பீர்கள்.

வாடகைக் கட்டடம் என்றால் ஒரு முடிச்சு உண்டு: கூரையும் ஜன்னலும் உரிமையாளருடையவை, மின்கட்டணம் உங்களுடையது. அவர் செலவழித்தால் பலன் உங்களுக்குப் போகும் என்பதால் அவர் அசையமாட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரமே பேசுவதற்கு ஏற்றது. சேமிப்பில் ஒரு பங்கை வாடகையோடு சேர்த்துத் தருவதாக எழுதிக்கொண்டால் இருவருக்கும் காரணம் கிடைக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செயல்திறன் கூடினால் பயன்பாடும் கூடலாம் என்பதை நிலக்கரி விஷயத்தில் 1865இலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் சுட்டிக்காட்டினார். மின்செலவு குறைகிறதே என்று கூடுதல் விளக்கும் கூடுதல் குளிரும் சேர்த்தால், பணமும் மிஞ்சாது, சூழலுக்கும் பலனில்லை. உற்பத்தி வளர்ந்தால் மொத்த மின்சாரம் ஏறலாம், அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் நீர், எத்தனை கிராம் கழிவு என்பதையும், ஆண்டு மொத்தத்தையும் இரண்டையுமே எழுதிவையுங்கள். ஒன்றை மட்டும் காட்டுவது பாதி உண்மை.

உங்களிடம் கணக்குக் கேட்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டியதும் இதுவே. உலக அளவில் பின்பற்றப்படும் பசுங்குடில் வாயுக் கணக்கு நெறிமுறை 2001இல் வந்தது. அது உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது, உங்கள் இடத்திலும் வாகனத்திலும் எரியும் எரிபொருளும், கசியும் குளிர்பதன வாயுவும். இரண்டாவது, வாங்கும் மின்சாரம். மூன்றாவது, மூலப்பொருள், போக்குவரத்து, விற்ற பொருளின் பயன்பாடு என உங்கள் வாசலுக்கு வெளியே நடப்பவை. முதல் இரண்டையும் எரிபொருள் ரசீதுகளையும் மின்கட்டண ரசீதுகளையும் வைத்தே கணக்கிட்டுவிடலாம், அதிலிருந்து தொடங்குங்கள். பல தொழில்களில் மூன்றாவதுதான் மிகப் பெரியது, அதிலும் மூலப்பொருளே பெரும்பங்கு. ஆகவே கழிவாகப் போன அந்த 20 கிலோ உலோகத் தகட்டைக் குறைப்பது இந்தக் கணக்கிலும் நேராகத் தெரியும். வேறு எங்கோ உமிழ்வு குறைக்கப்பட்டதாகக் காட்டும் கரிமச் சான்றுகளை வாங்கிவிட்டு "எங்கள் பொருளால் சூழலுக்குப் பாதிப்பே இல்லை" என்று அச்சடிக்காதீர்கள். சென்ற ஆண்டு ஒரு கிலோவுக்கு இவ்வளவு, இந்த ஆண்டு இவ்வளவு, குறைந்ததற்குக் காரணம் இந்தக் கசிவும் இந்த வால்வும் என்று எழுதிக்கொடுங்கள், அளந்த தேதிகளோடு.